முதல் கிண்ணம்

பாக்கெட் சூப்பின் உறையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சோளமாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் முன்னால். உலர்ந்த காய்கறி சிட்டிகையளவு பின்னால். புரதமும் இரும்புச்சத்தும் சொற்பம். ஆனாலும் வேலை முடிந்து, செஞ்சியில் பஸ் மாறி, இருட்டில் வீடு சேரும் பெண்ணுக்கு அது கொஞ்சம் ஓய்வு தருகிறது. அவளைப் பழிக்க மாட்டேன்.

வீட்டுச் சூப் மட்டும் எல்லோருக்கும் சமமாகவா கிடைத்தது? வல்லத்தில் எங்கள் அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தால், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஊற்றியது போக மிஞ்சினால்தான் தனக்கு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. பாக்கெட்டும் இதைத் தீர்க்காது, பழம்பெருமையும் தீர்க்காது. பருப்போடு முருங்கைக்கீரை வேகட்டும். எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். அடுப்படியில் ஆண்களும் நிற்கட்டும். முதல் கிண்ணத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.