மேலே போகாத திருகு

மாமா அந்தத் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உம்மா முதலில் கேட்டது, "இதுக்குக் கடுதாசி இருக்கா?" இருந்தது. மாமா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். வாசித்துப் பார்த்த பிறகும் உம்மா துவக்குக்குக் கிட்டப் போகவில்லை. 1990இல் ஊரைவிட்டு ஓடினபோது அவவுக்குப் பத்து வயசு. எயார் ரைஃபிள் என்றாலும், உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் காற்றும்தான் என்றாலும், அவவுடைய கண்ணுக்குத் துவக்கு துவக்குத்தான்.

"குரங்கு விரட்டத்தானே" என்றார் மாமா.

இறக்கக்கண்டியில் எங்கள் வளவு களப்புப் பக்கம் இருக்கிறது. பதினாலு தென்னை, ரெண்டு மா, ஒரு கொய்யா. மூன்று வருசமாகக் குரும்பை தேங்காயாக முற்றுவதைக் குரங்குகள் விடுவதில்லை. பிடுங்கி ஒரு கடி கடித்து எறிந்துவிடும். பதினாலு தென்னை நிற்கிற வீட்டில் கறிக்குத் தேங்காய் கடையில் வாங்குகிறோம்.

இது எங்கட வளவுக் கதை மட்டுமில்லை என்று உங்களுக்கும் தெரியும். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் சொன்னார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்றார்கள். அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் தோட்டத்தில் நிற்கும் குரங்கு, மயில், மலை அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். மாமாவும் நானும் முற்றத்தில் நின்று எண்ணினோம். பதினொரு குரங்கு, ஒரு மயில்.

துவக்கு வந்தது அதற்குப் பிறகு. பழசு, ஸ்கோப்போடு சேர்த்து வாங்கியது. மாமாவின் கணக்கு சுலபமானது. குரங்குக்குப் பக்கத்தில் மட்டையில் அடித்தால் சத்தத்துக்கு ஓடிவிடும். ஆனால் குண்டு எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்தைந்து மீற்றரில் ஒரு காட்போட் பெட்டியை வைத்து அடித்தால், குறியிலிருந்து ஒரு சாண் கீழே, கொஞ்சம் இடதுபக்கம் போய் விழுந்தது. ஸ்கோப்பின் மேல் திருகை 'அப்' என்று அம்புக்குறி போட்ட பக்கம் திருப்பினார். கிளிக், கிளிக் என்று போய் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. குண்டு இன்னும் கீழேதான்.

"ஸ்கோப் பழுது. ஏமாத்திப்போட்டானுகள்."

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ரெண்டாம் வருசத்தில் நில அளவைச் செயன்முறைக்காக லெவல் கருவியோடு நாலு நாள் வெயிலில் நின்றிருக்கிறேன். அதுவும் ஒரு தொலைநோக்கி, அதற்குள்ளும் ஒரு குறுக்குக்கோடு. அதில் வழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ரெண்டு முளை அடித்து, கருவியைச் சரி நடுவில் வைத்து ரெண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். தூரம் சமன் என்பதால் கருவியில் வழு இருந்தாலும் அது ரெண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து கழிந்துவிடும். பிறகு கருவியை ஒரு முளைக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்ப வாசிக்க வேண்டும். இப்போது வருகிற வித்தியாசம்தான் கருவியின் வழு. வழு எங்கே இருக்கிறது என்று தெரியுமட்டும் எந்தத் திருகையும் தொடக்கூடாது என்பது சேர் எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடம்.

"மாமா, ரெண்டு நாளைக்கு ஒண்டையும் திருப்பாதீங்க" என்றேன்.

முதலில் திருகு எதையும் தொடாமல் ஐந்து குண்டு. ஐந்தும் ஐந்து இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பரவி விழுந்தன. ஒரே குறிக்கு அடித்த குண்டுகள் ஒரே இடத்தில் விழாவிட்டால் ஸ்கோப்பைத் திருப்பிப் பிரயோசனம் இல்லை. பார்த்தால் கட்டையைப் பிடிக்கிற ஆணிகள் ரெண்டு இளகிக் கிடந்தன. ஸ்பிரிங் துவக்கு வெடிக்கும்போது முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். அந்த ரெட்டை உதையில் ஆணி இளகும், ஸ்கோப் நகரும், மலிவான ஸ்கோப் என்றால் உள்ளே உடைந்தும் போகும். ஆணியை முறுக்கி, அரிசிப் பையில் துவக்கை வைத்து, இறுக்கிப் பிடிக்காமல் சும்மா தாங்கிக்கொண்டு அடித்தபோது ஐந்து குண்டும் ஒரு கொத்தாக விழுந்தன. கீழேதான், ஆனால் ஒன்றாக.

அடுத்தது கணக்கு. இந்த வகை ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது நூறு யாரில் கால் அங்குலம். இருபத்தைந்து மீற்றரில் ரெண்டு மில்லிமீற்றர்கூட வராது. நாலு கிளிக் திருப்பிவிட்டு "அசையுதில்லையே" என்று மாமா சொன்னதில் பாதி இதுதான்.

மறுபாதி பக்கத் திருகில் இருந்தது. யாரோ அதை வலதுபக்கக் கடைசிவரை திருப்பிவிட்டிருந்தார்கள். ஸ்கோப்பின் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. மேல் திருகும் பக்கத் திருகும் அதைத்தான் தள்ளுகின்றன, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கிறது. வெளிக்குழாய் வட்டம். உள்ளே இருப்பது ஏற்கனவே பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றால், மேலே போக இடம் இல்லை. மாமா இவ்வளவு நாளும் மேல் திருகோடு மல்லுக்கட்டினார். பிழை பக்கத் திருகில்.

பக்கத் திருகு ஏன் கடைசிவரை போனது? ஸ்கோப்பைக் கழற்றினபோது விளங்கியது. முன்பக்கக் கௌவியின் ஒரு பல் துவக்கின் தவாளிப்புக்குள் இறங்கவே இல்லை, விளிம்பில் ஏறி நின்றது. ஸ்கோப் முழுக்கக் கோணல். அந்தக் கோணலைத் திருகைத் திருப்பித் திருப்பி மறைத்துத்தான் யாரோ விற்றிருக்கிறார்கள்.

கௌவியைச் சரியாக இறக்கினோம். பக்கத் திருகை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை எண்ணினேன். 160 கிளிக். 80இல் நிறுத்தினேன். மேல் திருகையும் அப்படியே. அடித்தால் ஏழு சென்ரிமீற்றர் கீழே. சோடா டின்னில் வெட்டிய ரெண்டு கீலத்தைப் பின்பக்கக் கௌவிக்குள், ஸ்கோப்புக்கு அடியில் வைத்தோம். பின்பக்கம் உயர்ந்தால் குண்டு மேலே வரும். ஐந்து சென்ரிமீற்றர் வந்தது. மிச்சம் ரெண்டுக்குப் பதினொரு கிளிக். கௌவியின் ஆணிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே இருப்பது நிஜமாகவே அசையாமல் போய்விடும்.

கடைசி ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். மாமா என் தலையில் தட்டினார். "எஞ்சினியரிங் படிச்சிருக்கோணும் புள்ள." எனக்கும் பெருமைதான், பொய் சொல்லவில்லை. உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா.

நாலாம் நாள் மாமா ஒரு குரங்கைச் சுட்டார். சுட நினைக்கவில்லை என்றார். வழமைபோல மட்டையைப் பார்த்துத்தான் அடித்தாராம், அது அந்த நேரம் பாய்ந்ததாம். நான் நம்புகிறேன். அது இடுப்பில் பட்டு, மரத்திலேயே அஸர் தொழுகை நேரம்வரை இருந்தது. மற்றதுகள் சுற்றி நின்று கத்தின. பிறகு விழுந்தது. மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

முன்பு அவர் தவறவிட்டுக்கொண்டிருந்தார். தவறாமல் பட வைத்தது நான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

எங்கள் கடற்கரையில் நின்றால் புறாத்தீவு தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அது சூட்டுப் பயிற்சி செய்த இடம். 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்கா. இப்போது அங்கே புறாவையும் பவளப்பாறையையும் பார்க்கச் சனம் வருகிறது. எங்கள் மரத்தில் செத்த அந்தச் சிவந்த முகக் குரங்கும் இலங்கையைத் தவிர வேறு எங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். அதே நேரம் உம்மா தேங்காய்க்குக் காசு எண்ணிக் கொடுப்பதும் உண்மை. ரெண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்ல எனக்கு ஏலாது.

ஆனால் வளவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பற்றைக்காடு வெட்டின இடத்தில் இப்போது சாப்பாட்டுக் குப்பை மலைபோல் கிடக்கிறது. யார் கொட்டுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். குரங்கு முதலில் வருவது அங்கே, பிறகுதான் எங்கள் தென்னைக்கு. கௌவி கோணலாக இருக்க மேல் திருகோடு மல்லுக்கட்டின மாதிரித்தான் நாங்கள் துவக்கோடு நிற்கிறோம் போல. குப்பையைப் பற்றி மாமாவும் அயல்வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் எழுதினேன். பதில் இன்னும் இல்லை.

குரங்குகள் ஒரு கிழமையில் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. ரெண்டு புதுக் குட்டி.

போன கிழமை மாமா கோல் எடுத்தார். ஸ்கோப் திரும்ப விலகிவிட்டதாம். அந்தத் துவக்கின் உதைக்கு அது விலகத்தான் செய்யும்.

"லீவுக்கு வந்து பாக்கிறியா புள்ள?"

சோதனை இருக்கு மாமா என்றேன். சோதனை இல்லை.