மணி அடிக்காத பள்ளிக்கூடம்

மே மாதம் பிறந்ததும் நம் வீடுகளில் கேட்கும் முதல் பெருமூச்சு யாருடையது தெரியுமா, சகோதரிகளே? குழந்தைகளுடையது அல்ல, நம்முடையதுதான். "ஐயோ, இந்த லீவு எப்போது முடியும்?" என்று காலண்டரைப் பார்க்காத தாய் உண்டா? நானும் உங்களில் ஒருத்திதான். காலையில் பத்திரிகைக் காரியாலயம், மாலையில் அடுப்படி, இரண்டுக்கும் நடுவே ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன்.

போன கோடையில் அவனுடைய மார்க் கார்டு என் கைக்கு வரவில்லை. தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளிருந்து விழுந்தது. கணக்கில் 31. கீழே, "பையன் மந்தம். வீட்டில் கவனிக்கவும்" என்று சிவப்பு மையில் ஒரு வரி. அன்று அவனைக் கடிந்துகொண்டேன். "மார்க்குக்காக இல்லைடா, ஒளித்து வைத்தாயே, அதற்காகத்தான் கோபம்" என்றேன். அது பொய். மார்க்குக்காகத்தான் கோபித்துக்கொண்டேன். அவனுக்கும் அது தெரியும்.

இரவு விளக்கை அணைத்த பிறகு, "அம்மா, மந்தம்னா மக்குதானே?" என்று கேட்டான். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

மறுநாள் என் கல்லூரிச் சிநேகிதிக்குப் போன் போட்டேன். அவள் இருப்பது வேலூர் ஜில்லா அணைக்கட்டில். கணவர் ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூன்று குழந்தைகள். மூன்று பேரையும் அவள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை, வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறாள். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, "உனக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்தவள் நான்தான். இப்போது நானே, "பத்து நாள் வந்து தங்கட்டுமா?" என்று கேட்டேன். மனசுக்குள் ஒரு தீர்மானமும் இருந்தது. அங்கே நடப்பது நன்றாயிருந்தால், ஜூன் மாதம் என் பிள்ளையையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவது.

காட்பாடியில் ரெயிலை விட்டு இறங்கி, வேலூரில் ஒடுகத்தூர் பஸ் பிடித்தோம். கத்திரி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி எழுதினால் காகிதமே பற்றிக்கொள்ளும்! அணைக்கட்டை நெருங்கியதும் ஜவ்வாது மலைத் தொடர் எட்டிப் பார்த்தது. வேப்ப மரத்தடியில் ஓட்டு வீடு. வாசலில் சிநேகிதி. "வாடி, உள்ளே வா. முதலில் மோர் குடி. நியாயம் அப்புறம் பேசலாம்" என்றாள்.

அந்த வீட்டில் பொழுது விடிவது ஐந்தரை மணிக்கு. எல்லாரும் பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, வேதாகமத்தில் ஓர் அதிகாரம். வாசிப்பவர்கள் குழந்தைகள், ஆளுக்குச் சில வசனம். திக்குவாய் உள்ள நடுப் பையன் வாசிக்கும்போது ஒருவரும் அவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதில்லை. அவன் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சாமி வேறு. ஆனாலும் அந்தக் காத்திருத்தலைப் பார்த்தபோது என் தலை தானாகவே குனிந்தது. என் பிள்ளை ஒரு வாக்கியம் முடிக்கும்வரை நான் எப்போது காத்திருந்தேன்?

ஏழு மணி முதல் பத்து வரை பாடம். "வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு லீவே கிடையாதா?" என்று கேட்டேன். "புத்தகத்துக்கு லீவு விட்டாச்சு. கண்ணுக்கும் கைக்கும் யார் லீவு விடுவது?" என்றாள். ஆளுக்கொரு நோட்டு. அன்றைக்குக் கண்ணில் பட்டதை அதில் வரைந்து எழுத வேண்டும். வேப்பம்பழம், எறும்புப் புற்று, கூவிக்கொண்டே இருக்கும் குக்குறுவான் குருவி. இந்த நோட்டு முறைக்குச் சொந்தக்காரி சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய அம்மாள். 1842-இல் பிறந்து 1923-இல் மறைந்தவர். வீட்டுக் கல்வியைப் பற்றி 1886-லேயே புத்தகம் போட்டவர்.

அவருக்கும் முந்தியவர் ஒருவர் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா. பத்தொன்பது பிள்ளை பெற்று, பாதியைப் பறிகொடுத்தவர். பிழைத்தவர்களுக்கெல்லாம் அவரே ஆசிரியை. ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துப் பாடம் தொடங்கும். அநேகமாக எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டன. இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். அந்த இரண்டு பேரையும் மந்தம் என்று நினைத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். இதைச் சிநேகிதி சொன்னபோது என் பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். "அரை நாள் லேட்டானாலே மந்தமா, ஆன்ட்டி?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு அவனும் சிரித்தான்.

மாலையில் கத்திரிக்காய்ப் பாடம்! பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்குப் பேர்போன ஊர். 2023-இல் அந்தக் காய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிநேகிதியும் கொல்லையில் பயிரிட்டிருந்தாள். காம்பு முள்ளில் கை படாமல் பறித்து, எடை போட்டு, அக்கம்பக்கத்தில் விற்றுக் கணக்கு எழுதுவது குழந்தைகள் வேலை. என் பிள்ளையும் கூடப் போனான். முதல் நாள் மீதிச் சில்லறையில் பன்னிரண்டு ரூபாய் தப்பு. கடைக்குட்டிப் பெண் அவனைக் கேலி செய்யவில்லை. "மறுபடி எண்ணு, நான் கூடையைப் பிடிச்சுக்கிறேன்" என்றாள். ஐந்தாம் நாளும் தப்பு வந்தது. ஆனால் தப்பை அவனே கண்டுபிடித்தான்.

ஞாயிறு மாலை சிநேகிதியின் கணவர் எங்களைப் பள்ளிகொண்டாவுக்குப் பாலாறு பார்க்க அழைத்துப் போனார். பார்க்க ஆறு ஏது? மணல்தான். கையில் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டு ஒன்று. "ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று" என்று விளக்கினார். பெரிய பெண், "அப்போ நாம சாப்பிடறதும் அதாலேதானே, அப்பா?" என்றாள். அவர் சற்று நேரம் மணலையே பார்த்தார். "ஆமாம்மா. இரண்டும் நிஜம்" என்றார். எந்தப் பாடப் புத்தகத்தில் இப்படிப் பதில் கிடைக்கும்?

இவ்வளவும் பார்த்த பிறகு என் தீர்மானம் கெட்டிப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை.

அந்த வாரம் ஊர்க் கோயிலில் குழந்தைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. வி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1898-இல் நியூயார்க்கில், கோடை லீவில் தெருவில் அலையும் குழந்தைகளைப் பார்த்த எலைசா ஹாஸ் என்ற டாக்டர் மனைவி, ஒரு சாராயக் கடைக் கூடத்தையே வாடகைக்கு எடுத்து நடத்திய வகுப்புகள் இதற்கு முன்னோடி. அந்த விதை இன்று உலகமெங்கும் முளைத்திருக்கிறது. பாட்டு, கதை, காகிதத் தொப்பி, கடைசியில் பிஸ்கட்டும் ஜூஸும். என் பிள்ளையும் ஒரு காகிதத் தொப்பியோடு திரும்பினான்.

சிநேகிதியின் பெரிய பெண்ணுக்குப் பதினைந்து வயது. வீட்டில் அடக்கமான பெண். அங்கே சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் உதவியாள். நாற்பது குழந்தைகள் நடுவே அவள் கைதட்டிக் குதித்துப் பாடியதைப் பார்த்து, இவளா அவள் என்று அசந்துபோனேன்.

அன்று இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, ஸ்கூலில் கடைசி மணி அடிச்சதும் எல்லாரும் ஒண்ணா ஓடுவாங்களாமே. அது எப்படி இருக்கும்?"

நான் பதில் சொல்லுமுன், மாடியின் மறுகோடியில் என் பிள்ளை அவள் தம்பியிடம் கேட்பது காதில் விழுந்தது: "உங்க அம்மா எப்பவும் வீட்டிலேயே இருப்பாங்களா? தினமுமா?"

சகோதரிகளே, ஒரே நிமிஷத்தில் இரண்டு தாய்மாருக்கும் பரீட்சைத் தாள் வந்து சேர்ந்தது.

மறுநாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சிநேகிதியிடம் பெண்ணின் கேள்வியைச் சொன்னேன். அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "எனக்குத் தெரியும்டி. போன அக்டோபரில் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணிட்டா. பதினொன்றாவதுக்கு ஸ்கூலுக்குப் போறேன்னு ஆறு மாசமா கேட்கிறா. நான்தான் ஜெபம் பண்ணிப் பார்க்கலாம்னு தள்ளிப் போடறேன்."

அவள் சொன்னது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. 1989-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பதினான்கு வயது நிறைந்தவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி குழந்தையின் உரிமை என்கிறது. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி அதில் வெளிப்படையாக ஒன்றும் இல்லை. ஆகவே இந்த வழியில் போகும் குடும்பங்களுக்கு இந்தப் பரீட்சைதான் பாலம்.

"ஆரம்பத்தில் நடுப் பையனுக்காகத்தான் இதைத் தொடங்கினேன்" என்றாள் அவள். "அவன் திக்கிப் பேசறதை வகுப்பே நடிச்சுக் காட்டிச் சிரிச்சுது. கர்த்தர் காட்டின வழின்னு மூணு பேரையும் நிறுத்தினேன். அவனுக்கு அது சரிதான். இப்பவும் சொல்வேன். ஆனால் பெரியவள் விஷயத்தில் எது பக்தி, எது என் பயம்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலைடி."

அன்று மாலை அவள் குழந்தைகளுக்கு ஐடா ஸ்கடர் கதை சொன்னாள். வேலூர்க்காரர்களுக்குத் தெரியாத கதையா? 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனரிக் குழந்தை. பஞ்ச காலத்தில் பசித்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த சிறுமி. பிற்பாடு அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். அந்தக் காலத்து மிஷனரிக் குழந்தைகள் பலருக்கும் அதுதான் விதி. பிறகு திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு டாக்டராகத் தீர்மானித்தவர். 1900-இல் ஒரே படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. தாயாரும் பின்னாளில் மகளோடு வேலூரில் வாழ்ந்தார்.

கதை முடிந்ததும் பெரிய பெண் கேட்டாள்: "அவங்க அம்மா விட்டுட்டுப் போனப்போ, பயப்படலையா?"

"பயந்துதான் இருப்பாங்க" என்றாள் சிநேகிதி. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் பயப்படறேன். ஆனாலும் ஜூனில் உன்னைச் சேர்த்து விடறேன்" என்றாள். பெண் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

நானும் ஊர் திரும்பினேன். என் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. அவனுக்கு நண்பர்கள் வேண்டும். மணி அடித்ததும் ஒன்றாக ஓட வேண்டும். அவனுக்குக் குறைந்தது பள்ளிக்கூடம் அல்ல, நான். அது எனக்கு அந்த மாடியில்தான் விளங்கியது. ஜூன் மாதம் புதிய ஆசிரியையைப் பார்த்துப் பேசினேன். தினமும் ஏழிலிருந்து எட்டு மணிவரை போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த ஒரு மணி அவனுடையது. சில நாள் கணக்கு, சில நாள் கதை, சில நாள் வெறும் பேச்சு. எல்லாத் தாய்மாரும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியாது; உட்கார வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நான் மட்டும் உட்கார்ந்துவிட்டால் வீட்டு வாடகை யார் கட்டுவது? ஒரு மணி நேரம் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பள்ளி திறந்த அன்று சிநேகிதி போன் செய்தாள். "கேட்டுவரை கூடப் போனேன். மணி அடிச்சுது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிட்டாடி!" என்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. மற்ற இரண்டு பேருக்கும் வேப்ப மரத்தடிப் பாடம் வழக்கம்போல் நடக்கிறது.

இதோ, மறுபடியும் மே மாதம் வந்துவிட்டது. என் பிள்ளை கணக்கில் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால் இந்த வருஷம் மார்க் கார்டைத் தலையணை உறைக்குள் தேட வேண்டியிருக்கவில்லை. நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையின் நடுவில் விரித்தே வைத்திருந்தான், காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கத்திரிக்காயை வைத்து.