நேரலில் இறங்கினோம்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலே ஊருக்குப் போவதுதான். பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டுவோம். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ செல்லும் வண்டியில் ஒன்றரை நாள் அமர்ந்திருப்போம். திருமண வீடு, துக்க வீடு, நிலப் பிரச்சினை எல்லாவற்றையும் பார்த்து முடித்து, போனதைவிட அதிகக் களைப்போடு தாராவிக்கோ செம்பூருக்கோ திரும்புவோம். சுற்றுலா என்பது வசதி படைத்தவர்களுக்கு உரியது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம்.

ஊருக்குப் போகும் அந்த வண்டியைச் சற்று நினைத்துப் பாருங்கள். கல்யாணைக் கடந்து கர்ஜத்தை நெருங்குமுன் நேரல் என்ற ஊர் வருகிறது. வண்டி அங்கே நிற்பதில்லை. பகலில் சென்றால் மேற்கே, தட்டையான உச்சியுடன் ஒரு நீண்ட மலை தெரியும். கர்ஜத்தில் மலையேற்றத்திற்காகப் பின்னால் கூடுதல் எஞ்சின்களை இணைக்கும்போது நாம் வடாபாவ் வாங்குவதில் மும்முரமாகிவிடுவோம். மலையை மறந்துவிடுவோம். என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையைச் சன்னல் வழியாகக் கடந்து சென்றவர். அதன் பெயர் மாத்தேரான் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர் ஆகியோருடன் முதன்முறையாக நேரலில் இறங்கினோம்.

மலையும் அதன் இரயிலும்

மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை, உச்சி. 'ரான்' என்றால் காடு. உச்சியில் உள்ள காடு என்பதே மாத்தேரானின் பொருள் என்பர். ஏறத்தாழ 2,600 அடி உயரத்தில் உள்ள இம்மலையில் தாக்கூர், காத்கரி, தங்கர் முதலிய மக்கள் முன்பே வாழ்ந்து வந்தனர். 1850இல் தானே மாவட்ட ஆட்சியராக இருந்த ஹியூ மாலெட் இங்கு ஏறி வந்தபின், பம்பாயின் வெயிலுக்குத் தப்ப விரும்பிய ஆங்கிலேயர்களும் செல்வந்தர்களான பார்சிகளும் போரா வணிகர்களும் மாளிகைகள் கட்டினர்.

நேரலிலிருந்து மலை உச்சிவரை செல்லும் சிற்றிரயிலை அரசாங்கம் அமைக்கவில்லை. சர் ஆதம்ஜி பீர்பாய் என்ற வணிகரின் குடும்பமே அமைத்தது. அவருடைய மகன் அப்துல் உசேன் முன்னின்று நடத்திய பணி 1904இல் தொடங்கி 1907இல் முடிந்தது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டே அடி அகலம். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தூரத்தை வளைந்து வளைந்து ஏற இரண்டு மணி நேரத்திற்கு மேலாகிறது.

2005 ஜூலை 26ஆம் நாளை நம்மில் யார் மறக்கக்கூடும்? தாராவியின் சந்துகளில் இடுப்பளவு நீரில் நாம் நின்ற அதே நாளில், இந்த மலைப்பாதையும் மழையில் சிதைந்தது. 2007இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு மழையிலும் பாதை சேதமடைந்து, 2022 அக்டோபரில் நேரலிலிருந்து வண்டி மறுபடி புறப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தே நாங்கள் கிளம்பினோம். ஆனால் எங்களைப் போலவே பலரும் படித்திருந்தார்கள்! நாங்கள் சென்றபோது இடம் முழுவதும் நிரம்பியிருந்தது. பங்கு டாக்சியில் ஏறித் தஸ்தூரி என்ற இடத்தை அடைந்தோம்.

மோட்டார் வண்டிகள் அங்கேயே நின்றுவிட வேண்டும். மலைமேல் காருக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லை. ஹார்ன் ஓசையில் பிறந்து வளர்ந்த என் மகள், "அப்பா, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அடைப்பு நீங்கியதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

தாயார் அமர்ந்த வண்டி

தஸ்தூரியிலிருந்து கடைவீதிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர். தாயாருக்கு முழங்கால் வலி. அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து கடைவீதிவரை செல்லும் குறுந்தூர இரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. குதிரையில் ஏற்றுவது நடவாத காரியம். மீதமிருந்தது கைரிக்ஷா. ஒருவர் முன்னே இழுக்க, இருவர் பின்னே தள்ளும் வண்டி அது.

"மனுஷன் இழுக்க நான் உக்காரதா? வேண்டாம்யா, நான் நடந்தே வாரேன்" என்றார்கள் தாயார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. நாங்கள் நகரத் தொடங்கினோம். நரைத்த மீசையுடன் இருந்த இழுப்பவர் பின்தொடர்ந்து வந்து இந்தியில் சொன்னார்: "அம்மா, நீங்கள் உட்காரவில்லை என்றால் எனக்குப் பாரம் குறையாது. என் வீட்டு அடுப்புத்தான் எரியாது."

தாயார் நின்றுவிட்டார்கள். நான் தொகையைக் கேட்டேன். அவர் சொன்னார். வழக்கம்போல் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கினேன். அப்போது தாயார் என் கையைப் பிடித்தார்கள்.

"எய்யா, கூலியில பேரம் பேசாத. உங்கப்பா மஸ்ஜித் பந்தர்ல கைவண்டி இழுத்தவுக. மத்தியானம்வரை சவாரி கிடைக்காத நாள்ல வீட்டுக்கு எப்படி வருவாக தெரியுமா?"

என் தந்தை கைவண்டி இழுத்தது எனக்குத் தெரியும். சவாரி கிடைக்காத நாட்களைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பின் அறியாத ஒரு மலைப்பாதையில் நின்று அதைக் கேட்டேன். கேட்ட தொகையை ஒப்புக்கொண்டேன்.

தாயார் ஏறி அமர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் "நிறுத்து, நிறுத்து" என்று இறங்கி, ரிக்ஷாவின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சமதரை வந்ததும் ஏறிக்கொண்டார்கள். அந்த மூவரும் சிரித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு மேடு வந்தால் தாமாகவே வண்டியை நிறுத்தினார்கள்.

ஏரிக்கரையில்

கடைவீதியைத் தாண்டியதும் பாதை நெடுகிலும் செம்மண். "நம்ம தேரிக்காட்டு மண்ணுல்லா!" என்று தாயார் வியந்தார்கள். தேரியில் கால் புதையும் மணல். இங்கே இறுகிய செம்பாறையும் அதன் புழுதியும். ஆனாலும் நிறம் அதே நிறந்தான். இருபுறமும் அடர்ந்த மரங்கள் வெயிலைத் தரையில் விழவிடவில்லை.

சார்லட் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மழைநீரைத் தேக்க அணை கட்டி உண்டாக்கியது. மாத்தேரான் மக்களுக்குக் குடிநீர் தந்துவரும் ஏரி இது. ஆகவே இறங்கிக் குளிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. "விடியற்காலையில் நாம் கேனில் பிடிக்கிற தண்ணீரும் தான்சா, பாத்சா, வைதரணா என்று எங்கோ ஓர் ஏரியிலிருந்துதான் வருகிறது; அதில் யாராவது குளித்தால் நீ குடிப்பாயா?" என்று கேட்டேன். மகன் கையிலிருந்த பிஸ்கட் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

கரையில் அமர்ந்து, ஜெபித்து, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். குரங்குகள் ஒரு பொட்டலத்தைப் பறித்துச் சென்றன. தாயார் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். வீட்டில் அவர்கள் இப்படிக் கை சும்மாயிருக்க அமர்ந்ததை நான் கண்டதில்லை.

அருகே எக்கோ பாயிண்ட். பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்லிக் கத்த, எதிர்மலை திருப்பிச் சொன்னது. "இங்கே கத்தினால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி திட்டமாட்டாங்க" என்றான் மகன். பத்துக்குப் பத்து அறையில் வளரும் பிள்ளையின் சொல் அது. பின்பு லூயிசா பாயிண்டிலிருந்து பிரபல்கட் கோட்டை நிற்கும் மலையைக் கண்டோம்.

மாலையில் முன்கூட்டியே வரிசையில் நின்றதால் கடைவீதி நிலையத்திலிருந்து குறுந்தூர இரயிலில் இடம் கிடைத்தது. இரவு பத்தரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை ஆராதனைக்குத் தாயார்தான் எங்களை எழுப்பினார்கள்.

அதன் பின்னர்

அடுத்த மாதமே, 2022 டிசம்பரில், மாத்தேரானில் இ-ரிக்ஷாக்கள் சோதனை முறையில் ஓடத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கம் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று கூறி, கைரிக்ஷாக்களை ஆறு மாதத்திற்குள் நிறுத்த உத்தரவிட்டது. அதை இழுத்தவர்களின் பிழைப்பு கெடாதபடி அவர்களுக்கு இ-ரிக்ஷா கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் பணித்தது. இச்செய்தியை வாசித்துக் காட்டியபோது தாயார் கேட்டது ஒன்றே: "அந்த மீசைக்காரருக்கு வண்டி குடுத்துட்டாவளா?" என்னிடம் பதில் இல்லை.

செல்வோர் கவனத்திற்கு

சயான், மாதுங்காவில் உள்ளோர் தாதரிலும், செம்பூரில் உள்ளோர் குர்லாவிலும் கர்ஜத் லோக்கலைப் பிடிக்கலாம். தாதரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நேரல். மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலை இரயில் ஓடுவதில்லை; அமன் லாட்ஜிலிருந்து செல்லும் குறுந்தூர வண்டியே உண்டு. மலையில் நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு அணியுங்கள். பாறை விளிம்புகளில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். குதிரைச் சவாரியின் தொகையை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உணவைக் கட்டிக்கொண்டு சென்றால் செலவு மிகக் குறைவு.

ஊருக்குப் போவதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களை ஒரு நாளாவது ஒரு வேலையுமின்றி ஒரு நீர்நிலையின் கரையில் அமரச் செய்யுங்கள். நீங்களும் அருகில் அமருங்கள். வீட்டில் சொல்ல நேரம் கிடைக்காத சில காரியங்களை அவர்கள் அங்கே சொல்லக்கூடும்.