பார்ட்னர்

லாரித் தொழிலில் லாபம் போகும்போது இல்லை, திரும்பி வரும்போதுதான். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூருக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அந்த வாடகை டீசலுக்கும் படிக்கும் செக்போஸ்ட்டுக்கும் சரியாகப் போய்விடும். அங்கிருந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றி வந்தால்தான் டியூ கட்ட முடியும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நாலு நாள் நின்றால் அந்த நடையே நட்டம். ஆக, எந்த ஊரில் எந்த புக்கிங் ஆபீஸ்காரர் பேச்சு மாறமாட்டார் என்று தெரிந்தவர் கையில் வண்டி இருக்க வேண்டும்.

1987இல் அப்பாவிடம் நாலு ஏக்கர் மானாவாரியும் வற்றிப்போன கிணறும் இருந்தன. அவரிடம் ஹெவி லைசென்ஸும் இந்தியும் கன்னடமும் இருந்தன. பதினாலு வயதில் கிளீனராக வண்டி ஏறியவர். ஊருக்குத் தெற்கே காலனியில் வீடு. "சம்பளம் வேண்டாங்க, பங்கு குடுங்க" என்று கேட்டாராம். நிலத்தை அடமானம் வைத்து, அம்மாவின் நகையை விற்று ஒரு பழைய லேலண்ட் கோமெட் வாங்கினார்கள். டீசல், டயர், டியூ, படி எல்லாம் போக மிச்சம் ரெண்டு பங்கு. பேச்சு அவ்வளவுதான், எழுத்து ஏதுமில்லை.

'பங்காளி' எங்கள் பக்கம் ரத்த உறவுக்கான சொல். ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவன், சொத்தில் பாதி உள்ளவன், பல சமயம் கோர்ட்டில் எதிரே நிற்பவன். அந்தச் சொல்லை அப்பாவால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. அண்ணன், மாமன் என்று எந்த முறையும் வைக்க ஊர் விடாது. அதனால் 'பார்ட்னர்'. அந்த இங்கிலீஷ் சொல்லுக்குச் சாதி கிடையாது. அவர் அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். அதுவரை பேர் சொல்லி 'வா, போ' என்றுதான் அப்பா கூப்பிட்டு வந்திருக்கிறார். பார்ட்னர் என்று ஆனபின் 'வாங்க, போங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

1991இல் புதுச் சேசிஸ். எண்ணூரிலிருந்து நாமக்கல் பாடி பட்டறை வரை கேபின் இல்லாத வெறும் சேசிஸைத்தான் ஓட்டி வர வேண்டும். பலகைதான் சீட்டு, தலையில் துண்டு, முகத்தில் நேராக அடிக்கும் காற்று. அப்பாவும் கூடவே உட்கார்ந்து வந்தார். பாடி கட்டியபின் இரண்டு நடை அவரோடு மகாராஷ்டிரா வரை போனார். கேபினில் ஒரே குண்டாவில் சோறு. வீட்டில் அவருக்கு இடம் திண்ணை வரைதான். அப்பாயி இருக்கும்வரை அதை யாரும் பேசவே முடியாது என்பார் அப்பா.

1996இல் மூன்றாவது வண்டி. முதல் இரண்டின் ஆர்.சி.யும் அப்பா பேரில். இது அவர் பேரில் இருக்கட்டும் என்றார் அப்பா. அவருக்கு நிலம் இல்லையென்று ஃபைனான்ஸில் ஜாமீன் கேட்டார்கள். அப்பாவே கையெழுத்துப் போட்டார். பெரியப்பா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்: "நாளைக்கு வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டான்னா என்றா பண்ணுவ?"

"ஒம்பது வருசமா வண்டி அவரு கையிலதானே இருக்குது" என்றாராம் அப்பா.

அந்த வருடமே ஒரு புக்கிங் ஆபீஸ் மூன்று நடை பாலன்ஸை நிறுத்திவிட்டது. வக்கீலிடம் போனார்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது, 1932ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி என்றார் அவர். டீடு தயாரானது. லாப விகிதம் என்ன போடுவது என்று கேட்டவர், எதுவும் எழுதாவிட்டால் சட்டப்படி சரிபாதி என்றும் சொன்னார். "அப்ப எழுத வேண்டாங்க" என்று அப்பா முடித்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் யாராவது வாங்கிப் படித்தாலும் பாதி என்ற வார்த்தை கண்ணில் படக்கூடாது. ஊர் தராததைச் சட்டம் சத்தமில்லாமல் தந்தது. அந்தத் தாளில் அவர்கள் ஒன்றாம் பங்குதாரர், இரண்டாம் பங்குதாரர். வேறு எந்த அடைமொழியும் இல்லை.

2010க்குள் ஏழு வண்டி. 2017இல் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட் போனது, நடை வேகமானது. 2018 ஜூலையில் ஆக்சில் லோடைக் கூட்டினார்கள். பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றானதும் வாடகை இறங்கியது. இரண்டு வண்டிகளை விற்றார்கள்.

2019இல் அப்பா இறந்தார். டீடில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். எங்கள் டீடில் ஏற்பாடு ஏதுமில்லை. கணக்கு முடித்தாக வேண்டும். அவர் முப்பத்திரண்டு வருட நடைக் கணக்கு நோட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றும் வேலை என்னுடையது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூஜை போட்டபின் திண்ணையில் கணக்குப் பார்ப்பார்கள். அன்றைய பக்கத்தில் தவறாமல் ஒரு வரி: 'சாப்பாடு 2'. எங்கள் வீட்டுக்கே வந்து கணக்குப் பார்த்துவிட்டு, மதியம் இருவரும் டவுன் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். செலவு வண்டி கணக்கில்.

அப்பாயி 2004இல் இறந்தார். 2005லும் 'சாப்பாடு 2' இருக்கிறது. 2015லும் இருக்கிறது.

அந்த வரியைக் காட்டி அவரிடமே கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பழகிடுச்சுங்க தம்பி. அந்த மெஸ்ஸுல வத்தக் கொழம்பு நல்லாருக்கும்" என்றார். பிறகு, "உங்கப்பா கணக்குல ஒத்தப் பைசா மாத்துனதில்லீங்க" என்றார். இரண்டும் உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கை ஏன் வீட்டில் ஒரு இலை போடவில்லை என்பதற்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் பதில் இல்லை.

புது டீடில் என் அண்ணனும் அவருடைய மகளும் பங்குதாரர்கள். பி.காம் படித்தவர், புக்கிங் முழுக்க அவர்தான் பார்க்கிறார். விகிதம் எழுதும் இடம் வந்ததும் வக்கீல் பேனாவை நிறுத்தி, "எழுதாட்டியும் சட்டப்படி சரிபாதிதாம்மா" என்றார்.

"பரவால்லைங்க சார், எழுதிடுங்க" என்றார் அவர். "எழுத்தாலயும் போட்டுடுங்க, நம்பராலயும் போட்டுடுங்க."