உரியவரற்ற மரபுரிமை

மரபுரிமை என்னுஞ் சொல்லிலே மரபும் உண்டு, உரிமையும் உண்டு. இவ்விரண்டும் பிரிந்துவிட்டால் எஞ்சுவது யாது? துருக்கியின் தென்மேற்கிலே, மத்தியதரைக் கடலை அணித்தாயுள்ள மலைச்சரிவொன்றில் அமைந்த கயாகோய் என்னுஞ் சிற்றூரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுகின்றது.

அவ்வூரை நான் நேரிற் கண்டதில்லை, ஒளிப்படங்களிலேயே கண்டுள்ளேன். நூற்றுக்கணக்கான கல்வீடுகள் சரிவிலே படிப்படியாக ஏறிச் செல்கின்றன. ஒரு வீடு மற்றொன்றின் வெளிச்சத்தை மறைப்பதில்லை. கீழேயுள்ள சமநிலம் பயிருக்கென விடப்பட்டுள்ளது. மழைநீரைச் சேர்த்துவைக்குந் தொட்டிகளும் உள. அயலவனுக்கும் வெயில் வேண்டுமென்று எண்ணி வாழ்ந்த ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தை அவ்வீட்டு வரிசைகள் எனக்கு உணர்த்துகின்றன.

லிவிசி என்பது அதன் பழைய பெயர். அங்கு வாழ்ந்தோர் கிரேக்க ஓதொடொக்ஸ் கிறித்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்திலும், 1919 முதல் 1922 வரை நிகழ்ந்த கிரேக்க - துருக்கியப் போரிலும் அவர்களுட் பலர் ஊரிழந்தனர். 1923 சனவரி 30 இல் லோசான் நகரிற் கைச்சாத்தான குடிமாற்ற உடன்படிக்கை எஞ்சியோரின் விதியையும் தீர்த்தது. முன்னரே ஓடியோரும் அடங்க, ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் துருக்கியையும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தையும் நீங்கினர். மதமே அளவுகோலாயிற்று. துருக்கிமொழியே பேசிய கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கமொழி பேசிய கிரீற் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர்.

இவ்வேற்பாட்டுக்காக உழைத்தோருள் 1922 இற் சமாதானத்துக்கான நோபெற் பரிசு பெற்ற நான்சனும் ஒருவர். மேலுங் குருதி சிந்தாதிருக்க வேறு வழியில்லை என்பது அவர் போன்றோரின் வாதம். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. ஆயினும், போக விரும்புகிறாயா என்று எவரையும் வினவாத சமாதானம் எத்தகைய சமாதானம்?

கிரேக்கத்திலிருந்து வந்து அச்சரிவிற் குடியேறிய முஸ்லிம்களுட் பலரும் நிலைத்திலர். 1957 இன் நிலநடுக்கம் அழிவை மிகுவித்தது. இன்று கூரையற்ற அவ்வீடுகள் பேணப்படுந் தொல்லிடமாய்ப் பயணிகளை ஈர்க்கின்றன. அங்கிருந்து போனோர் சிலர் அத்திக்காவிலே குடியேறிய இடம் நேயா மாக்ரி. அண்மை நகரான மாக்ரியின் பெயரைப் புதுமாக்ரி எனச் சூட்டிக்கொண்டனர்.

பெயர் ஒரு நாட்டில். கற்கள் மற்றொரு நாட்டில். கற்களைப் பேணுவது நன்றே. எனினும், அயலவன் தன் வீட்டிலே தொடர்ந்து வாழும் உரிமையைப் பேணுதலே மரபுரிமைக் காப்பின் முதற்படி என்பேன். அது தவறியவிடத்து, நூதனசாலைகள் எத்துணை திறப்பினும் இழப்பு ஈடாகாது.