கருமாதிக்குப் பிறகு

மலையகத் தோட்டங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயம் முழுவதும் அங்கே கூடிவிடும். மரண உதவிச் சங்கம் செலவுக்குக் கைகொடுக்கும். பக்கத்துக் காம்பராக்களில் உலை ஏறும். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பெரியவர்களின் துயரத்தைச் சுமக்க நம்மவர்கள் காலங்காலமாகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இடமில்லை. "பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி அடுத்த லயத்துக்கு அனுப்பிவிடுகிறோம். கருமாதி முடிந்ததும் தோட்டம் வேலைக்குத் திரும்பிவிடும். பிள்ளையின் துயரம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும்.

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் தப்பிய பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பிவரப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மீண்டும் பல பிள்ளைகளை அந்த நிலைக்குத் தள்ளின. பேரிடர் வந்தால் நிவாரணமாவது வரும். நோயில் தாயை இழந்த பிள்ளைக்கு அதுவும் வராது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கூறியதை மறக்க முடியவில்லை. ஆறு வயதுச் சிறுவன். தாய் இறந்ததை மறைத்து, "அம்மா வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க" என்று பாட்டி சொல்லிவிட்டார். அவ்வகுப்பில் சில பிள்ளைகளின் தாய்மார் உண்மையாகவே வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்பவர்கள். அவர்களுக்கெல்லாம் தொலைபேசி அழைப்பு வந்தது. இவனுக்கு வரவில்லை. மாதங்கள் கழித்து அவன் சொன்னானாம்: "நான் குழப்படி செஞ்சேன்ல டீச்சர், அதான் அம்மா பேசுறாங்க இல்ல."

பாட்டி சொன்னது அன்பினால்தான். ஆனால் அந்தப் பொய் சாவைவிடக் கனமான ஒன்றைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டது. சாவு மீளாதது என்பது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் விளங்காது. சற்று வளர்ந்ததோ, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். ஆகவே மூன்று செய்திகளை நேராகச் சொல்ல வேண்டும்: அம்மா இறந்துவிட்டார்; திரும்பி வரமாட்டார்; இது உன்னால் நேர்ந்ததல்ல. நான்காவதாக, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை வாய்திறந்து சொல்வது எளிதல்ல. அங்கேதான் புத்தகம் உதவுகிறது. சூசன் வார்லி 1984இல் ஆங்கிலத்தில் எழுதிய படக்கதை ஒன்றில் வளைக்கரடி ஒன்று இறந்துவிடும். அது தங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை ஒவ்வொரு விலங்கும் நினைத்துப் பார்த்துத் தேறும். லியோ புஸ்காலியாவின் 1982ஆம் ஆண்டுக் கதை, உதிரப்போகும் ஓர் இலையைப் பற்றியது. இரண்டும் நல்லவை. ஆனால் நம் பிள்ளை அறிந்த இலை குளிர்காலத்தில் உதிர்வதில்லை; அது தாயின் கூடைக்குள் போகும் கொழுந்து. லயமும் பனிமூட்டமும் மண்சரிவும் உள்ள கதை அவனுக்குத் தமிழில் வேண்டும்.

அதுவரை நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். அம்மா கற்றுக்கொடுத்ததைப் பிள்ளை அதில் எழுதட்டும், வரையட்டும்: ரொட்டி சுட்டது, மழையில் கொங்காணி மடித்தது, சாமிக்குப் பூக் கட்டியது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் கதையும் களிமண்ணும் நாடகமுமாக ஒன்றுசேர்த்தது. தோட்டத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், கோயில் மண்டபம் இருக்கிறது. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கமும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் இலங்கையில் உண்டு.

உலகெங்கும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையகத்துக்கு அரிசியும் உடுப்பும் அனுப்புகிறீர்கள், நன்றி. உங்களில் எழுதுபவர்களும் வரைபவர்களும் இருப்பீர்கள். இருபது பக்கத்தில் ஒரு படக்கதை எழுதி, ஒரு தோட்டப் பாடசாலைக்கு அனுப்புங்கள். தன் கேள்விக்கு உண்மையான பதிலை ஒரு பிள்ளையாவது அதில் படிக்கட்டும்.