சயாமில் ஒரு தமிழ்க் குளம்

கோவளம் கடற்கரையில் மாலையில் உலாவும்போதெல்லாம், வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள சயாம் நமது நினைவுக்கு வரும். 1939-இல் தாய்லாந்து எனப் பெயர் பூண்ட அத்தேசத்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்றோர் ஊர். அங்கே கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்னும் குளத்தை மணிக்கிராமத்து வணிகரின் காவலில் ஒப்படைத்ததைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது நம் பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயரல்லவா! தாய் மக்கள் சுகோதையில் அரசு கண்டதோ 13-ஆம் நூற்றாண்டில். அன்று போன தமிழர் குளம் வெட்டினர், கல்லும் நாட்டினர்.

அதே சயாமுக்கு 1942, 43-இலும் தமிழர் போயினர். பர்மாவுக்கு ரயில் பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தொழிலாளர் அவர்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். குளத்தின் பெயரை நாம் படிக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரைப் படிக்க ஒரு கல்லும் இல்லை.